சிக்காகோக் கொலையின் கடைசி அத்தியாயம்

என் வேலைக்காலம் முழுவதிலும் முதலாளிக்கு முன்னால் நான் கத்தியோடு நின்றது ஒரே ஒரு தடவைதான். பயப்பட வேண்டாம், பேஸ்ட்-அப் கத்தி. பத்திரிகைப் பக்கத்தில் ஒட்டிய கடதாசித் துண்டைக் கீறி எடுக்கிற, பென்சில் அளவு கத்தி. "அந்த மனிசியைக் கொலைகாரியாக்கிப் போட்டுப் பக்கத்தை முடியுங்கோ, புவனா" என்று அவர் சொன்னபோது அது என் கையில் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தியைத்தான் பார்த்தார்.

இப்போது பத்திரிகை வேலைக்கு வருகிற பிள்ளைகள் சிலர், "அன்ரி, உங்கட காலத்து அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று கேட்கிறார்கள். பழைய மெசின், பழைய எழுத்துரு, குளிரில் பஸ்ஸுக்கு நின்றது என்று ஏதாவது எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. அதெல்லாம் எனக்குப் பாதி மறந்துவிட்டது. மறக்காமல் இருப்பது கோபம். ஆகவே அதைத்தான் எழுதுகிறேன். வேண்டுமென்றால் போடுங்கள், வேண்டாவிட்டால் திருப்பித் தாருங்கள்.

1. முதல் நாள் சொன்ன சட்டம்

எண்பதுகளின் நடுவில் நான் லண்டனுக்கு வந்தேன். ஊரில் தமிழ்த் தட்டச்சுப் படித்திருந்தேன், வேறு ஒன்றும் கைவசம் இல்லை. கிங்ஸ்பரியில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் தியாகர் அண்ணை ஒரு தமிழ் வாரப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். முதலாளியும் அவர்தான், ஆசிரியரும் அவர்தான், குப்பைப் பையைக் கீழே கொண்டுபோய் வைப்பவரும் அவர்தான். பத்திரிகையை வெளியே ஒரு பெரிய அச்சகத்தில் அடிப்பித்தார். பின் அறையில் இருந்த சின்ன ஓஃப்செற் மெசினில் கலியாணக் கார்ட்டும் செத்தவீட்டு நினைவு மலரும் அடித்தோம்.

முதல் நாள் என்னை உட்காரவைத்து அவர் சொன்னது இவ்வளவுதான்:

"தங்கச்சி, செய்தியில பிழை வந்தா நான் மன்னிப்பன். கவிதையில பிழை வந்தா எழுதினவன் மட்டும்தான் கண்டுபிடிப்பான். ஆனா செத்தவீட்டு வேலையில கை வைக்கக் கூடாது. குடும்பம் என்ன எழுதித் தருதோ அப்படியே போடவேணும். ஒரு எழுத்தும் மாத்தக் கூடாது. விளங்கினதோ?"

"ஓம் அண்ணை" என்றேன்.

அவர் அதற்குக் காரணம் வைத்திருந்தார். ஒரு தடவை ஒரு மரண அறிவித்தலில் மருமகனின் பெயரை இவர் 'திருத்தி' அச்சிட்டு, அந்தக் குடும்பம் மேல்மாடி ஏறி வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு செத்தவீட்டு வேலையை அவர் வாசிப்பதே இல்லை. என் மேசைக்கு வரும், நான் ரைப் பண்ணுவேன், குடும்பத்துக்குக் காட்டுவேன், மெசினுக்குப் போகும். மெசினை ஓட்டியவர் ஒரு போர்த்துக்கீசர். அவருக்குத் தமிழ் எழுத்து எல்லாம் ஜிலேபி.

எங்கள் பத்திரிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதிப் பக்கம் செத்தவர்கள்தான். மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள், ஆண்டு நினைவு. அதோடு, செத்தவருக்கு உறவே இல்லாதவர்கள் தங்கள் கடைப் பெயரோடு போடுகிற அனுதாப விளம்பரம். இந்தக் கதை அந்த அனுதாப விளம்பரத்தில்தான் தொடங்குகிறது.

2. பக்கத்தைப் பிடித்து வையுங்கோ

ஒரு மனிதர் இருந்தார். பெயர் வேண்டாம். எல்லோரும் 'தலைவர்' என்றுதான் சொல்வார்கள். எந்தச் சங்கத்துக்குத் தலைவர் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கோயில் திருவிழாவில் முன் வரிசை, கலியாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில், செத்தவீட்டில் பெட்டிக்குத் தலைமாட்டில். மெதுவாகக் கதைப்பார். ஒருவரையும் 'நீ' என்று சொல்ல மாட்டார்.

தொண்ணூறுகளில் பிரான்சில் இருந்து வரி கட்டாத பியரும் விஸ்கியும் வான் வண்டிகளில் லண்டனுக்கு வந்தன. அங்கே மலிவு, இங்கே விலை. தலைவரின் வான்கள் தமிழ்க் கடைகளின் பின்கதவுக்கு வந்து நிற்கும். 'வேணுமோ' என்று கேட்கிற வழக்கம் இல்லை. இறக்கிவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்று சொன்ன கடையின் கண்ணாடி ஒரு கிழமைக்குள் உடையும். கண்ணாடி உடைந்தவருக்கு ஆறுதல் சொல்ல முதல் ஆளாகத் தலைவர் வருவார். பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை.

எங்கள் தெருவில் கடை வைத்திருந்த செல்வராசா வேண்டாம் என்று சொன்னார். கண்ணாடி உடைந்தது. புதிதாகப் போட்டுவிட்டுத் திரும்பவும் வேண்டாம் என்று சொன்னார். ஒரு சனிக்கிழமை காலையில் அவர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்து அவருடைய கடைப் போத்தலாலேயே மண்டையில் அடித்துவிட்டுப் போனார்கள். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். பஸ் தரிப்பில் ஆட்கள் நின்றார்கள். பொலிஸ் வந்து கேட்டபோது எல்லோரும் குனிந்து செருப்பு வார் மாட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். எத்தனை செருப்பு. அகதி வழக்கு முடியாதவர்கள் பயந்தது எனக்கு விளங்குகிறது. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இருந்து கடிதம் வரும் வரைக்கும் மூச்சையே மெதுவாக விடுகிற சனம் அது. ஆனால் பாஸ்போர்ட் எடுத்து, வீடு வாங்கி, பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பினவர்களும் குனிந்துதான் நின்றார்கள். அவர்களை நான் மன்னிக்கவில்லை.

செல்வராசா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். செவ்வாய்க்கிழமை, நாங்கள் விளம்பரப் பக்கங்களை மூடுகிற நாள், தலைவர் தொலைபேசியில் வந்தார். எடுத்தது நான்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமைப் பேப்பரில எனக்கொரு முழுப்பக்கம் பிடிச்சு வையுங்கோ. அனுதாபம்."

"ஆர் அண்ணை மோசம் போனது?"

"செல்வராசா."

"ஐயோ, எப்ப?"

அதே மெதுவான குரலில் சொன்னார். "இன்னும் இல்லை. டொக்டர்மார் கையை விரிச்சிட்டினமாம். நீங்கள் இண்டைக்குப் பக்கத்தை மூடிப்போடுவியள்தானே. பேந்து கடைசி மூலையில கிடந்தா எனக்கு மரியாதை இல்லை. படத்தை ஆளிட்டைக் குடுத்து விடுறன்."

செல்வராசா வியாழக்கிழமை காலையில் இறந்தார். வெள்ளிக்கிழமை முழுப்பக்கம் வந்தது. 'என் உடன்பிறவாத் தம்பி' என்று கொட்டை எழுத்தில். அதில் செத்தவரின் படத்தைவிடத் தலைவரின் படம் பெரிது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

நான் பேசாமல் இருக்கவில்லை. பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சொன்னேன். அங்கிருந்த வெள்ளைக்காரப் பொடியன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் பண்பாட்டில் அனுதாபத்தை முன்கூட்டிச் சொல்வது குற்றமா என்று கேட்டான். தியாகர் அண்ணையிடம் சொன்னேன். "அவர் எதிலும் முன்யோசனைக்காரர்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

3. சிக்காகோவுக்குப் போன வட்டுக்கோட்டையான்

நேசன் அப்போது பெற்றோல் நிலையத்தில் காசாளராக வேலை செய்தார். ஊரில் வங்கியில் இருந்தவர். நாற்பது வயது, தனி ஆள், அகதி வழக்கு முடியவில்லை. நூலகத்தில் இருந்து துப்பறியும் புத்தகங்களைப் பை நிறைய எடுத்துப்போய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து வாசிப்பார். ஒரு நாள் ஒரு கட்டுக் கடதாசியோடு மேல்மாடி ஏறி வந்தார். தொடர்கதை. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்துச் சிக்காகோ. கள்ளச் சாராயக் கும்பல், ஒரு கொலை, அதைத் துப்பறிகிற ஒருவன்.

தியாகர் அண்ணை இரண்டு பக்கம் வாசித்தார். "நல்லாயிருக்கு. ஆனா ஒரு தமிழனும் இல்லாட்டி ஆர் வாசிக்கிறது?"

"சிக்காகோவில எங்கால அண்ணை தமிழன்?"

"அது உங்கட பாடு."

நேசன் யோசித்துவிட்டு, யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசன்காரரோடு கப்பல் ஏறிப்போன சாமுவேல் கந்தையா என்ற வட்டுக்கோட்டையானைத் துப்பறிவாளனாக்கினார். கோட்டுக்குள் திருநீற்றுப் பொட்டலம் வைத்திருக்கிற கிறிஸ்தவன். சனம் விழுந்து விழுந்து வாசித்தது. நேசன் அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஊரில் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் காய்ச்சுவதைக் கண்டிருக்கிறார். சிக்காகோ நிலவறையில் பீப்பாய்க்குள் கோடா ஊறிப் புளிப்பதை அவர் எழுதினால் பத்திரிகையே புளித்து மணக்கும்.

கதையில் டொமினிக் என்று ஒரு கும்பல் தலைவன். மதுக்கடைக்காரர்களிடம் தன் பியரை இறக்குவான். பற்றிக் என்கிற கடைக்காரன் வேண்டாம் என்கிறான். அடித்துப் போடுகிறார்கள். செத்தவீட்டுக்கு ஆகப் பெரிய மலர்வளையம் டொமினிக்கிடம் இருந்து வருகிறது. இதை நேசன் புத்தகங்களில் இருந்துதான் எடுத்தார். அந்தக் காலத்துச் சிக்காகோக் கும்பல்காரர் உண்மையாகவே அப்படித்தானாம், தாங்கள் கொலை செய்த ஆளுக்கே வண்டி நிறையப் பூ அனுப்புவார்களாம். இதை அவர் சொல்லக் கேட்டபோதுதான் நான் அந்தச் செவ்வாய்க்கிழமைத் தொலைபேசியைப் பற்றிச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, இதை நான் எடுக்கட்டோ?"

"எடும். பொலிசுக்கு வேண்டாமாம். சாமுவேலுக்காவது உதவட்டும்."

அடுத்த கிழமை சாமுவேல் பூக்கடைக்குப் போனான். மலர்வளையம் செவ்வாய்க்கிழமையே சொல்லி வைக்கப்பட்டது, பற்றிக் செத்தது வியாழக்கிழமை என்று பூக்கடைக்காரி சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு பெண் தொலைபேசியில் வருவாள். செல்வராசாவின் மனைவி, தவமணி. கடையை அவள்தான் தனியே நடத்திக்கொண்டிருந்தாள். விளம்பரம் ஒன்றும் இல்லை. "தங்கச்சி, சாமுவேல் அடுத்த கிழமை எங்க போவான்?" என்று மட்டும் கேட்பாள். ஒரு நாள் நான், "அக்கா, உங்களுக்கு இது மனக்கஷ்டமா இல்லையோ?" என்று கேட்டேன்.

"மனக்கஷ்டமோ?" என்றாள். "என்ர வீட்டுக்கு வாற ஒருத்தரும் அவர் எப்பிடிச் செத்தவரெண்டு கதைக்கினமில்லை. விதி எண்டுகினம். கதையிலயாவது ஒருத்தன் வீடு வீடாப் போய்க் கேட்டுக்கொண்டு திரியிறான். அவன் கண்டுபிடிக்கிறதை நான் பாக்கவேணும்."

அதற்குப் பிறகு அந்தத் தொடர்கதை எனக்கு ஒரு தொடர்கதையாக இருக்கவில்லை. அவளுக்கு ஒரு பதில் வரவேண்டும், அது அச்சில் வரவேண்டும். கடைசி அத்தியாயத்தை நேசன் கொண்டுவந்து தந்தார். வாசித்து, ரைப் பண்ணி, பக்கத்தில் ஒட்டியும் விட்டேன்.

4. கதைதானே

அன்றைக்குப் பின்னேரம் தலைவர் படியேறி வந்தார். கையில் லட்டுப் பெட்டி. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். பூக்கடைச் செவ்வாய்க்கிழமையை வாசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

உட்கார்ந்து, எல்லோருக்கும் லட்டு எடுத்துத் தந்து, மெதுவாகத் தொடங்கினார்.

"தியாகர், ஒரு வாசகனாச் சொல்லுறன். உந்த டொமினிக்கைக் கொலைகாரனாக்கினா ஆருக்கு ஆச்சரியம்? சின்னப்பிள்ளைக்கும் தெரிஞ்சிடும். உந்தப் பற்றிக்கின்ர பெண்சாதிதான் செய்திருப்பாள். காப்புறுதிக் காசு. அப்பிடி வந்தாத்தான் கதை."

தியாகர் அண்ணை லட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். வாயில் போடவில்லை.

"அந்த மனிசிக்கு என்ன நடந்ததெண்டு இந்தத் தெருவுக்கே தெரியும்" என்றேன் நான்.

"எந்த மனிசிக்கு?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கதைதானே, தங்கச்சி."

அவர் போனதும் தியாகர் அண்ணை என் மேசைக்கு வந்து, நான் தொடக்கத்தில் எழுதின அந்த வசனத்தைச் சொன்னார். அப்போதுதான் கத்தி.

எனக்கு விசர் வந்துவிட்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். "அவள் வெள்ளிக்கு வெள்ளி இதுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். புருசனைப் பறிகுடுத்தவளைக் கொலைகாரி எண்டு நாங்கள் அச்சடிக்கிறதோ? பேப்பர் நடத்திறியளோ, இல்லாட்டி தலைவர் வைக்கிற செத்தவீட்டுக்குப் பறை அடிக்கிறியளோ?"

அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். "எனக்கும் இந்தக் கண்ணாடி ஜன்னல் இருக்கு, புவனா" என்றார். "அதுக்குப் பக்கத்தில என்ர பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால வந்து இருக்கிறவை."

நேசனைக் கூப்பிட்டார். நேசன் கேட்டுவிட்டு, "நான் எழுத மாட்டன் அண்ணை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். ஆகவே தியாகர் அண்ணையே உட்கார்ந்து எழுதினார். அவருடைய கடைசி அத்தியாயத்தில் பற்றிக்கின் மனைவி நோரா அழுதபடி குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள், டொமினிக் அவளுக்காகக் கடவுளிடம் மன்றாடுகிறான். அதற்குக் கீழே நேசனின் பெயரையே போட்டார். நான் ரைப் பண்ண மறுத்தேன், அவரே இரண்டு விரலால் தட்டினார். நான் ஒட்டியிருந்ததைக் கீறி எடுக்கச் சொன்னார். இல்லாவிட்டால் அவர் கிழித்துத்தான் எடுப்பார் என்று தெரிந்ததால் நானே கீறினேன், ஒரு பத்தியும் கிழியாமல். எடுத்த துண்டுகளைக் குப்பையில் போடவில்லை. உள்ளே விளக்கு எரிகிற என் ஒட்டு மேசைக்கு, அந்த லைட் பொக்ஸுக்கு, கீழ்ப் பலகையில் வரிசையாக ஒட்டி வைத்தேன். பக்கத்தை அவர் தானே அச்சகத்துக்குக் கொண்டுபோனார். என்னை நம்பவில்லை. சரியாகத்தான் நம்பாமல் விட்டார்.

5. காய்ச்சலிலோ செத்தவர்

அந்த வெள்ளிக்கிழமை தவமணி தொலைபேசியில் வரவில்லை. திங்கட்கிழமை நேரில் வந்தாள். கையில் பத்திரிகை சுருட்டியபடி. தியாகர் அண்ணை அவளைக் கண்டதும் வங்கிக்குப் போகவேண்டும் என்று எழும்பிப் போனார். கோட்டு கூட எடுக்கவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. "ஆண்டுத் திவசம் வருகுது. நினைவு மலர் அடிக்கவேணும்" என்றாள். பிறகு பத்திரிகையை என் மேசையில் வைத்தாள். "என்னைக் கொலைகாரியாக்கிப் போட்டியள் என்ன? நேற்றுக் கோயிலில ரெண்டு பேர் என்னைப் பாத்துக் குசுகுசுத்தவை. காப்புறுதி எவ்வளவு வந்ததாம் எண்டு ஒருத்தி கேட்டவள்."

நான் லைட் பொக்ஸின் விளக்கைப் போட்டு, பலகையில் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவளுக்கு முன்னால் அடுக்கினேன். "இதுதான் நேசன் எழுதினது" என்றேன்.

அவள் நின்றபடியே வாசித்தாள். சாமுவேல் டொமினிக்கின் வீட்டுக்குப் போகிறான். விருந்து நடக்கிறது. எல்லோருக்கும் முன்னால், 'செவ்வாய்க்கிழமை நீ பூவுக்குச் சொல்லி அனுப்பியபோது அவனுக்கு மூச்சு இருந்தது' என்கிறான். டொமினிக் சிரிக்கிறான். யாரும் சிரிப்பில் சேரவில்லை. சிறைக்கு அவன் போகிறானா என்பதை நேசன் எழுதவில்லை. அந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போவதோடு கதை முடிகிறது.

வாசித்து முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இதை மலரில போடுங்கோ."

"மலரிலயோ அக்கா? தேவாரத்துக்குப் பக்கத்தில கொலைக்கதையோ?"

"ஏன், என்ர மனிசன் காய்ச்சலிலயோ செத்தவர்?"

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்தின் நினைவு மலர் சின்னப் புத்தகம். அட்டையில் பிள்ளையார், உள்ளே செத்தவரின் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, நன்றி. திவசத்துக்கு வருகிற எல்லோருக்கும் கொடுப்போம். அதை யாரும் வீச மாட்டார்கள். வீசவும் கூடாது, கிழிக்கவும் கூடாது, காலில் படவும் கூடாது. சாமி உள்ள புத்தகம். கொண்டுபோய்ச் சாமி அறையில் வைப்பார்கள்.

நேசனிடம் கேட்டேன். "அக்கா, குரோய்டன்" என்றார். தன் பெயரை மட்டும் போடவேண்டாம் என்று கேட்டார். அதைத் தவமணியிடம் சொன்னேன்.

"அந்தத் தம்பியின்ர பேர் ஏன்?" என்றாள். "அறிவித்தலுக்குக் கீழ என்ன போடுவியள்? அதையே போடுங்கோ."

அப்படியே போட்டேன். தேவாரம் முடிந்து, வாழ்க்கை வரலாறு முடிந்து, சிக்காகோக் கொலையின் கடைசி அத்தியாயம். அதன் முடிவில், எல்லா மரண அறிவித்தலிலும் வருகிறதுபோல: 'தகவல்: குடும்பத்தினர்'. போர்த்துக்கீசர் பிள்ளையாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மெசினை ஓட்டினார்.

6. முதற் பிரதி

திவசச் சாப்பாடு ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். தலைவர் வராமல் இருப்பாரா? முன் வரிசையில் இருந்தார். ஒலிவாங்கியைப் பிடித்து, அமரர் தனக்குத் தம்பி மாதிரி என்று பேசினார். தொண்டை கூட அடைத்தது. என் பக்கத்தில் இருந்த ஒரு மனிசி, "பாவம், நல்ல மனம்" என்றாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் கதிரையை மாற்றிவிட்டாள்.

மலர் வெளியிடும்போது முதற் பிரதியைப் பெரிய மனிதர் ஒருவர் வாங்குவது வழக்கம். அன்றைக்கு யார் வாங்குவது என்று யாரும் கேட்கவே இல்லை. தலைவர் தானாகவே எழும்பி மேடைக்குப் போனார். தவமணி வெள்ளைச் சேலையில் நின்றாள். மலரை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். அட்டையில் பிள்ளையார். பழக்கதோஷத்தில், வாங்கிய கையோடு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தவமணி ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தாள். வழக்கமாக அந்த இடத்தில் மனைவி அழுவாள்.

"பேப்பரில வந்த முடிவு பிழை, அண்ணை" என்றாள். "சரியான முடிவு இதில இருக்கு. கடைசிப் பக்கங்கள். எல்லாரும் வாசியுங்கோ."

மண்டபத்தில் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. நான் எத்தனையோ பக்கம் கட்டியிருக்கிறேன், அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தை வாசித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. தலைவரும் புரட்டினார். செவ்வாய்க்கிழமை என்ற சொல்லுக்கு வந்த இடத்தை நான் அவருடைய முகத்தில் கண்டேன். கிழிக்க ஏலாது, அட்டையில் பிள்ளையார். கீழே வைக்க ஏலாது, உள்ளே தேவாரம். சாப்பிடாமல் போகவும் ஏலாது, திவசச் சாப்பாடு. மடியில் அதை வைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டார். அவருக்கு இரண்டு பக்கத்துக் கதிரைகளும் வெறுமையாக இருந்தன. போகும்போது மலரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார்.

7. ஒரு எழுத்தும்

திங்கட்கிழமை தியாகர் அண்ணை எனக்கு முதல் வந்து உட்கார்ந்திருந்தார். மேசையில் மலர்.

"இது எங்கட மெசினில அடிச்சதோ?"

"ஓம்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமலோ?"

"செத்தவீட்டு வேலை, அண்ணை. குடும்பம் தந்தபடி போட்டிருக்கு. ஒரு எழுத்தும் மாத்தேல்லை."

அவருக்குச் சிரிப்பு வந்ததோ அழுகை வந்ததோ தெரியாது, இரண்டையும் அடக்கிக்கொண்டு, "நாளையில இருந்து வராதேங்கோ, புவனா" என்றார். என் கத்தியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். பிறகு லண்டனிலேயே செவன் கிங்ஸ் பகுதியில் சொந்தமாக ஒரு சின்ன அச்சு வேலை தொடங்கினேன். நினைவு மலர்தான் அதிகம்.

தலைவரைப் பொலிஸ் பிடித்ததா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு நாளும் இல்லை. தன் கட்டிலில் படுத்து, பேரப்பிள்ளைகள் சுற்றியிருக்கத்தான் செத்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றி எரிகிறது. ஆனால் அந்தத் திவசத்துக்குப் பிறகு என்னிடம் வந்த குடும்பங்கள், அறிவித்தலின் அடியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லத் தொடங்கின: 'அனுதாப விளம்பரங்களைத் தவிர்க்கவும்'. யாரைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தலைவரின் முழுப்பக்கங்கள் கால்பக்கமாகி, பிறகு வராமலே நின்றுபோயின. நேசனுக்கு வழக்கு வென்றது. தவமணி கடையை விற்கவில்லை.

பிள்ளைகளே, நான் கற்ற பாடம் இதுதான். 'கதைதானே' என்று சொல்லிக்கொண்டு ஒருவன் லட்டுப் பெட்டியோடு படியேறி வந்தால், அது கதை இல்லை என்று அவனுக்குத்தான் முதலில் தெரியும். அவனுக்காக ஒரு எழுத்தும் மாற்றாதீர்கள். ஒரு கடதாசியில் போட விடாவிட்டால், அவன் கிழிக்க முடியாத கடதாசி எது என்று தேடுங்கள். கோபத்தை அடக்கு, பிரஷர் வரும் என்று டொக்டர் சொல்கிறார். அவருக்கு என்ன, சொல்லலாம்.

சில காலத்துக்கு முன் குரோய்டனில் ஒரு வீட்டுக்குப் பூசைக்குப் போனேன். இங்கே பிறந்த ஒரு பெண், அந்த வீட்டு மகள், சாமி அறைத் தட்டில் இருந்து ஒரு மலரை எடுத்து வந்தாள். அட்டை மஞ்சளும் குங்குமமும் பட்டுச் சிவந்திருந்தது.

"அன்ரி, நீங்கள் பிரிண்டிங்தானே? வை இஸ் தேர் எ சிக்காகோ மேர்டர் எங்கட சாமி அறையில?"

"வாசிச்சனியோ?"

"தமிழ் ஸ்லோவாத்தான் வாசிப்பன். முழுக்க வாசிக்கேல்லை. ஆனா ஆர் கில்லர் எண்டு தெரியும். அம்மா சொன்னவா."

"ஆராம்?"

சொன்னாள். அவள் சொன்ன பெயர் டொமினிக் இல்லை, நான் மேலே 'பெயர் வேண்டாம்' என்று விட்ட பெயர்.